ஆர்லோவின் ஒரு வாக்கு

தேர்தல் நாளுக்குக் காப்பி கேக் சுடும்போது நான் கட்சி பார்ப்பதில்லை. எதிரணிக்காரர்களுக்கும் அதே அளவு லவங்கப்பட்டைதான் போடுகிறேன். உங்களுக்கும் ஒரு துண்டு வெட்டிவைத்திருக்கிறேன், துணை ஷெரீஃப் அம்மா. சீருடையில் சாப்பிடக் கூடாது என்றால் பொட்டலம் கட்டித் தருகிறேன்.

என் கணவர் ஆர்லோவின் அடக்கத்தன்று திருமதி டாலஃப்சன் வாயைத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எண்பத்தெட்டு வயது, காது மந்தம், ஆனால் கடிகாரம் பார்க்க மட்டும் நன்றாகத் தெரிகிறது. அவர் சொன்னது உண்மைதான். அன்று காலை பத்தரை மணிக்கு அவரை நான் காரில் ஏற்றிக்கொண்டபோது, ஆர்லோ ஏற்கெனவே முன்சீட்டில் பேச்சு வராமல்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் நான், அது மதியம் ஒன்றரைக்குத்தான் ஆரம்பித்தது என்று சொன்னேன். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறீர்கள். திருத்திவிடலாம். பிழையோடு ஒரு காகிதம் இருப்பது எனக்கும் பிடிக்காது. பெட்டினா ஹாஸின் துண்டறிக்கைகளை எல்லாம் பிழை பார்த்தது நான்தான்.

பெட்டினாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் புரியாது. சட்டமன்றத்துக்கு எங்கள் கட்சியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பெட்டினா. இன்னொருவர் தீவனக்கடை டேல் ப்ரூயிட். எங்கள் மாவட்டத்தில் இந்த ஆகஸ்ட் தேர்தலில் கட்சிக்குள் ஜெயித்தவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார். நவம்பர் வெறும் சடங்கு. அதனால் ஐந்து மாதமாக நான் வீடு வீடாகக் கதவு தட்டினேன். மூன்று நாய்கள் கடித்தன. மூன்றும் ப்ரூயிட் ஆதரவாளர்களுடைய நாய்கள். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆர்லோவும் நானும் நாற்பத்தோரு வருடமாக எதிரெதிராக வாக்களித்தவர்கள். காலையில் ஒரே காரில் போவோம், ஒருவர் வாக்கை ஒருவர் அழித்துவிட்டு ஒரே காரில் திரும்புவோம். எங்கள் வீட்டின் மொத்த அரசியல் எடை பூஜ்யம். மற்றபடி அருமையான மனிதர். ஜூன் மாதம் எங்கள் திருமண நாளுக்கு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போயிருந்தோம். திடீரென்று முட்கரண்டியை வைத்துவிட்டு, "சரி வெர்னா, இந்த ஒரு தடவை உன் ஹாஸுக்கே போட்டுடறேன்" என்றார்.

"நிஜமாவா?"

"இந்த மீன் மேல சத்தியம். டேல்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத. நாங்க மீன் பிடிக்கப் போற படகு அவனோடது."

மற்றப் பெண்களுக்கு மோதிரம் கிடைக்கும், கப்பல் பயணம் கிடைக்கும். எனக்கு இது கிடைத்தது. அன்று காரில் வரும்போது நான் அழுதேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது ஐம்பதுக்கு ஆர்லோ காப்பிக் கோப்பையை எடுக்கப்போனார். வலது கை வரவில்லை. அது வேறு யாருடைய கையோ என்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியது. என்னவென்று தெரிந்ததா என்று கேட்பீர்கள். கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். எதிர்ச் சுவரில் பக்கவாத எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கும்: முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். கவுண்டி ஹாஸ்பிட்டல் தெற்கே நாற்பது நிமிடம். வாக்குச்சாவடி வடக்கே பத்து நிமிடம். ஹாஸ்பிட்டலில் ஒருமுறை படுக்கவைத்தால் அன்றைக்கு எழுந்திருக்க விடமாட்டார்கள். அவர்களுக்கு மனிதனின் இரத்தக்குழாய் மட்டும்தான் கண்ணில் படும். அவன் ஒரு குடிமகன் என்பது படாது. அதோடு, அடுத்த தேர்தலுக்குள் ஆர்லோ மனம் மாறிவிட்டால்? மீன் மேல் செய்த சத்தியம் எத்தனை நாள் தாங்கும்?

"போன உடனே வந்துடலாம் ஆர்லோ. ஓட்டுப் போட்டுட்டு நேரா டாக்டர்கிட்ட" என்றேன். அவர் தலையாட்டினார். அல்லது தலை ஆடியது.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுவிட்டேன். வெயில் அதிகம்.

திருமதி டாலஃப்சனை அழைத்துப்போவதாக ஒரு வாரம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். தன்னார்வலர் ஒருவர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அப்புறம் யார் நம்புவார்கள்? பின்சீட்டில் ஏறியதுமே அவர் ஆரம்பித்துவிட்டார். "என்ன வெர்னா பொண்ணே, உன் புருஷன் இன்னிக்கு ஒரு குட்மார்னிங்கூடச் சொல்லலை?"

"பல்லு பிடுங்கியிருக்காங்கம்மா. வாய் மரத்துப்போயிருக்கு."

"என்னது?"

"பல்லு!"

"நல்லதாப் போச்சு. கார்ல கொஞ்சம் அமைதியா இருக்கும்."

பல் விஷயம் பொய்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாரையும் வீணாகக் கலவரப்படுத்தக் கூடாது என்பதற்காகச் சொன்னது.

எங்கள் ஊர் வாக்குச்சாவடி தீயணைப்பு நிலையத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மேசைகள் போட இடம் வேண்டும் என்று ஆம்புலன்ஸை வெளியே புல்தரையில் நிறுத்தியிருந்தார்கள். நான் அதற்குப் பின்னால்தான் காரை நிறுத்தினேன். அங்கே மட்டும்தான் நிழல் இருந்தது.

நடக்க முடியாதவர்களுக்கு வாக்குச்சீட்டைக் காருக்கே கொண்டுவருவார்கள். அருமையான ஏற்பாடு. எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள் இருந்தன. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் திருமதி டாலஃப்சன் உள்ளே போய், வாக்களித்து, நான் சுட்ட கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். தேர்தல் அலுவலகத்தில் என்னைக் கேட்டிருந்தால் இன்னும் வேகமாக நடத்திக் காட்டியிருப்பேன்.

கடைசியில் ரஸ் க்னுட்சன் வந்தார், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடவே சட்டப்படி இன்னொரு அலுவலர் அம்மாவும் வந்தார். ரஸ் ஜன்னலில் குனிந்தார்.

"என்னப்பா ஆர்லோ, பல்லு போச்சாமே. இனிமே சூப்புதானா?"

ஆர்லோ வாயைத் திறந்தார். "ஹாஸ்" என்றார்.

ரஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "யோவ், சாவடிக்கு நூறடிக்குள்ள வேட்பாளர் பேரைச் சொல்லக் கூடாது, சட்டம் இருக்கு. உன்னையே வெளியே தள்ளிடுவேன், பாத்துக்க."

"ஹாஸ்... ஹாஸ்..."

"வெர்னா, என்னம்மா மந்திரம் போட்ட இந்த மனுஷனுக்கு? டேல் கேட்டான்னா படகோட முங்கிடுவான்."

அந்த அலுவலர் அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சூழ்நிலையில் சிரிக்காமல் இருப்பது மரியாதையாக இருந்திருக்காது. ஆர்லோ இடது கையைத் தூக்கி ஆம்புலன்ஸைக் காட்டினார்.

"ஆமாம்ப்பா, புதுசு" என்றார் ரஸ். "போன மாசம்தான் வந்துச்சு. உள்ள ஏசிகூட இருக்கு."

பெயரையும் விலாசத்தையும் வாக்காளர் வாயாலேயே சொல்ல வேண்டும். முடியாவிட்டால் உதவிக்கு வந்தவர் சொல்லலாம். நான் சொன்னேன். சீட்டில் அவருக்காகப் பேனா பிடிக்கவும் எனக்கு அனுமதி உண்டு. பெட்டினாவின் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தைக் கோடு தாண்டாமல் கறுப்பாக்கினேன். உதவியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கும். நான் எதையும் ஒளிக்கவில்லை. அப்போது ஆர்லோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. திருமணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை.

'நான் வாக்களித்தேன்' என்ற ஒட்டுச்சீட்டை ரஸ் அவர் சட்டையில் ஒட்டிவிட்டார். பிறகு ஹாஸ்பிட்டலில் மார்பில் ஒயர் ஒட்டுவதற்காக ஒரு நர்ஸ் அந்தச் சட்டையையே வெட்டிக் குப்பையில் போட்டாள். ஜனநாயகத்தின் மேல் இந்தத் தலைமுறைக்கு எவ்வளவு மரியாதை என்று நீங்களே பாருங்கள்.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்றால், திருமதி டாலஃப்சனை வீட்டில் இறக்கினேன். அவருடைய தெருவிலேயே என் பட்டியலில் ஆறு கதவுகள் பாக்கி இருந்தன. வழியில்தானே. காரை நிழலில் நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் போனேன். நான்கு பேர் வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. இரண்டு பேர் பெட்டினாவுக்குப் போடுவதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது ஆர்லோ தூங்குவதுபோல இருந்தார். ஹாஸ்பிட்டல் வாசலில் நிறுத்தியபோது மணி இரண்டு பத்து.

வியாழக்கிழமை மாலை இறந்துபோனார். ஆரம்பித்த கையோடு கொண்டுவந்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். பெட்டினா ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று வாக்கில் தோற்றாள். ஆர்லோ இல்லாவிட்டால் அது ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு. அந்த வித்தியாசத்தை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. அடக்கத்துக்கு அவள் பூ அனுப்பியிருந்தாள். அட்டையில் என் பெயரை 'வேரா' என்று எழுதியிருந்தாள். களைப்பு, பாவம்.

நீங்கள் கேட்காமல் தள்ளிவைத்திருக்கும் கேள்வி எனக்குத் தெரிகிறது. ஆர்லோ எந்த வார்த்தையைச் சொல்ல முயன்றார் என்று எனக்குப் புரிந்ததா இல்லையா?

புரிந்தது. ஹாஸ்பிட்டல் என்றுதான் சொன்னார். சமையலறையிலேயே இரண்டு தடவை சொன்னார், காரில் ஏற்றும்போதும் சொன்னார். முதல் பாதிதான் வாயில் வந்தது. நாற்பத்தோரு வருடமாக அவர் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை எல்லாம் நான்தான் முடித்துவைத்திருக்கிறேன், துணை ஷெரீஃப் அம்மா. ஒரு தடவையாவது அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசியதுண்டா? அன்றைக்கும் பேசவில்லை.