இருபத்தேழாவது ஆணிக்கு ஒரு தட்டு

அளவறிந்து கலப்பவரே! அனலறிந்து சுடுபவரே! கரியையும் கந்தகத்தையும் எங்களுக்குக் கூடப்பிறந்தவர்களாக ஆக்கிவைத்த கெமிஸ்ட்டம்மா!

இப்பீங்கான் ஆலையின் சரக்கறையிலும், பீங்கானுக்குப் பளபளப்புப் பூச்சு ஏற்றும் கிளேஸ் அறையிலும் சூளைக் கூடத்திலும் உழைக்கும் நாங்கள், நீங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் உங்களை வணங்கி வாழ்த்துகிறோம். வாழ்த்துக்கு முன்னால் ஒரு பாக்கி நிற்கிறது. உங்களுக்கு நாங்கள் ஒரு தட்டு கடன்பட்டிருக்கிறோம். ஒரே ஒரு தட்டு. அதைத் தீர்க்காமல் உங்களை வாசல் தாண்ட விடுவதாக இல்லை.

கடன் வந்த கதை புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. சரக்கறையில் டிரம் உருட்டுகிறவரை நாம் டிரம் அண்ணன் என்றே கூப்பிடுகிறோம். தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு எழுத்து கூடிவந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டுமே பழகியிருந்தார்; சின்ன எழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. சூளைக் கூடத்தில் மண்டையோட்டுப் படத்தோடு ‘சி, ஓ’ என்று ஒரு பலகை உண்டு. கார்பன் மோனாக்சைடு: நிறம் கிடையாது, மணம் கிடையாது, வந்தால் ஓடு. அந்த ஒரு பாடம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஒரு நாள் காலையில் வந்திறங்கிய டிரம்மின் மேல் அதே இரண்டெழுத்து சாக்பீஸில் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் சூளையின் எரிவாயுவை அடைத்தார், மணியை அடித்தார், கழிவறையில் இருந்தவர்களைக்கூட விடாமல் அத்தனை பேரையும் தெருவுக்கு விரட்டினார். டிரம்மில் இருந்ததோ கோபால்ட் பொடி, தட்டுக்கு நீலம் ஏற்றுவது. பெரிய சி-க்குப் பக்கத்தில் சின்ன ஓ வந்தால் கோபால்ட். இரண்டும் பெரிதானால் விஷவாயு. ஓ கொஞ்சம் பருத்துவிட்டது, அவ்வளவுதான். சூளைக்குள் வெந்துகொண்டிருந்த தட்டுகள் மொத்தமும் மங்கிப்போயின.

மேலாளர் அவரைக் கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொன்னார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள், அம்மா. உங்கள் விரலில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது.

“அவர் படிச்சது சரிதான் சார். அவசரத்துல ரெண்டெழுத்தையும் பெருசா எழுதினது நான். சீட்டைக் கிழிக்கணும்னா என் சீட்டைக் கிழிங்க.”

யார் சீட்டும் கிழியவில்லை. மங்கிய தட்டுகளையும் நீங்கள் உடைக்க விடவில்லை. சாப்பாட்டு வேளையில் ஆளுக்கொரு தனிமமாகப் பிரித்துக் கொடுத்து, கோபால்ட் குழைத்து எழுதவைத்து, மறுபடி சுட்டு, சூளைக் கூடத்துச் சுவரில் தனிம அட்டவணை மாதிரியே வரிசை வரிசையாக ஆணியில் ஏற்றினீர்கள். அணுவின் நடுவில் இருக்கும் புரோட்டான் எண்ணிக்கைதான் தனிமத்தின் முகவரி என்றீர்கள். இருபத்தாறு இருந்தால் இரும்பு, ஒன்று கூடினால் கோபால்ட், இன்னொன்று கூடினால் நிக்கல். மேலும் கீழுமாக நிற்பவை ஒரே குடும்பம், ஒரே குணம் என்றும், சோடியமும் பொட்டாசியமும் தண்ணீர் பட்டால் துள்ளும் என்றும் சொன்னீர்கள். “தண்ணி பட்டதும் துள்ளுதா? அப்ப என் மச்சான் பொட்டாசியம்தான்” என்றார் சூளை மேஸ்திரி. யாரோடும் சேராத கணக்கருக்கு ஆர்கான் என்ற பெயர் அன்று ஒட்டியது, இன்றுவரை பிரியவில்லை.

டிரம் அண்ணனுக்கு நீங்கள் கொடுத்தது இருபத்தேழு, கோபால்ட். அவர் எழுதவில்லை. “நான் எழுதினா மறுபடியும் எல்லாரும் தெருவுக்கு ஓடுவீங்க” என்று சிரித்து நழுவிவிட்டார். வேறு யாரையும் நீங்கள் எழுத விடவில்லை. கடைசி வரிசையில் புதிய தனிமங்கள் நான்கிற்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டிய ஆண்டு அவையும் சுவரேறின. சுவரெங்கும் நீலம் பூத்த கோபால்டுக்கு மட்டும் தட்டு இல்லை; இரும்புக்கும் நிக்கலுக்கும் நடுவே ஒரு வெற்று ஆணி. கேட்பவர்களிடமெல்லாம், “அது அவர் இடம். அவர் வருவார்” என்றே சொன்னீர்கள்.

வந்துவிட்டார், அம்மா! போன வாரச் சூளையில் யாருக்கும் சொல்லாமல் ஒரு தட்டை வைத்தார். உள்ளே போகும்போது எழுத்து கறுப்பு. கதவு திறந்தபோது அப்படியொரு நீலம்! பெரிய சி வாசல் வளைவு மாதிரி நிற்க, அதன் காலடியில் மிளகளவு ஒரு ஓ. பருத்துவிடக்கூடாதென்று அப்படிச் சிறுத்துவிட்டார்; தேடிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் யாரும் தெருவுக்கு ஓடவில்லை. அத்தனை பேரும் சூளையை நோக்கி ஓடினோம்.

எளிதில் துருவேறாத உடலும், குன்றாத கண்ணொளியும், நிறைந்த ஆயுளும் பெற்று நீடு வாழ்க! எழுந்து வாருங்கள், அம்மா. தட்டை அண்ணன் ஏந்தி நிற்கிறார். உங்கள் கையால் அந்த ஆணியில் மாட்டுங்கள். கடன் தீர்ந்தது.

இவண்,
சரக்கறை, கிளேஸ் அறை, சூளைக் கூடத் தொழிலாளர்கள்
(ஆர்கான் உட்பட)