நடு நாற்காலி

– சொரண்டுடா மஸ்தானு, சொரண்டு! எட்டு நாப்பது ரயில்ல எறங்கி ஹெட்மாஸ்டர் இந்த வழியாத்தான் வருவாரு. இந்த போஸ்டர்ல தன் மூஞ்சிக்கு மேல 'கண்ணீர் அஞ்சலி'ன்னு பாத்தாருன்னா இங்கியே அது நெசமாயிடும்!

– பசையா இது, சிமிட்டியா? துலுக்கானம், செத்தது நம்ம இங்கிலீஷ் வாத்தியாரு பக்தவத்சலம் சாரு. உசுரோட கீற மன்சன் மூஞ்சிய ஏண்டா அச்சடிக்க பிளாக் செய்யச் சொன்ன?

– நம்ம பதினொன்னாங் கிளாஸ் குரூப் போட்டாவ குட்த்து, "நடுவுல கீறவரு"ன்னேன். அவ்ளோதான்.

– நடு நாற்காலில ஹெட்மாஸ்டர்தாண்டா குந்துவாரு!

– என் மனசுல சார்தானே நடுவுல! பிரஸ்ஸுல கீற நீயாவது பாத்துருக்கலாம்ல?

– எழுத்து கோத்துட்டு நான் தொழுவப் போய்ட்டேன் மச்சான். போட்டாவ போஸ்டர் ஒட்டுனப்புறந்தான் பாத்தேன். சாரு நாற்காலியே வேணாம்னுட்டு, கடைசி வரிசைல உன் தோள்மேல கை வெச்சிகினு நிக்கிறாரு.

– பெஞ்சு ஆடிச்சிடா. எனக்குக் காலு ஒதறல். அதான் புடிச்சிகினாரு.

– பாடம் நடத்தறேன்னு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேட்டுக்கு இஸ்துகினு போவாரே, ஞாபகம் கீதா? மரப்பெட்டி மேல கீறத படிக்கச் சொல்லுவாரு.

– "திஸ் சைட் அப்!" லாரிக்காரன் ஹாரன் அடிச்சாக்கூட, "அவனவிட சத்தமா"ன்னுவாரு! மெய்யாலுமே அந்த ஒரு வரிதாண்டா எனக்கு சோறு போடுது. வேலைக்கோசரம் அந்த எஸ்டேட் கேட்டாண்ட நின்னப்போ பெட்டியத் தலகீழா எறக்கிகினு இருந்தானுங்க. கத்துனேன் பாரு! சூப்பர்வைசர் அன்னிக்கே உள்ள கூட்டுகினாரு.

– அத சார்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னா? எட்டு வருசமா இந்தத் தெருவுலயே கால் வெக்கல நீ.

– எந்த மூஞ்சியோட வருவேன்? ரிசல்ட் அன்னிக்கு சார் ஊட்டு இதே வாசல்ல நின்னு, பாஸுன்னு பொய் சொன்னேன்டா. இங்கிலீஷுலதான் ஃபெயிலு. உள்ள போயி லட்டு எடுத்தாந்து வாயில ஊட்னாரு. அத நம்பிகினே போய்ட்டாரா மனுசன்? ராத்திரில்லாம் அதான் கொடையுது. உன்னக் கேட்டா நீ சிரிச்சி மழுப்பற.

– எனக்கு இன்னாடா தெரியும்? அதோ, சார் சம்சாரமே வர்றாங்க. கேளு.

– யாருப்பா அது, வெள்ளையடிச்ச சுவத்தப் பொக்கையாக்கறது?

– நாங்கதாம்மா. ஹெட்மாஸ்டர் வர்றதுக்குள்ள...

– அவரு முந்தின ரயில்லயே வந்து பாத்தாச்சி. "படத்துல என் மூக்குக்கண்ணாடி நல்லா வுழுந்திருக்கு"ன்னுட்டுப் போனாரு. எங்க ஊட்டுக்காரர் பாத்திருந்தா சிரிச்சிச் சிரிச்சே இன்னொரு வாட்டி போயிருப்பாரு. வாங்க, கைய கழுவிட்டுக் காபி குடிங்க.

– காபி இருக்கட்டும்மா. ஒண்ணே ஒண்ணு. நான் துலுக்கானம்...

– தெரியுமே. காலு ஒதறற புள்ள.

– ரிசல்ட் அன்னிக்கு நான் ஃபெயிலு. சாருக்கு அது தெரியுமா, தெரியாதா? சுத்தி வளைக்காம சொல்லிடுங்கம்மா.

– தெரியும். பேப்பர்ல உன் நம்பர் இல்லன்னதும் சட்டைய மாட்டிகினு கடைக்குக் கெளம்பிட்டாரு. நீ வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே உனக்குன்னு லட்டு வாங்கியாந்தாச்சிப்பா.