லைலுக்காக வார்த்த ஐம்பது குண்டுகள்

ஈயம் கெட்டியா மிருதுவா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, ஷெரிஃப். கட்டைவிரல் நகம் போதும். லைல் ஸ்டென்ஸ்ருட் சட்டைப்பையில் மிச்சமிருந்த தோட்டாக்களை நீங்கள் நகத்தால் கீறிப் பார்த்தீர்களாமே. அந்த விஷயஞானம் உள்ள ஆளிடம் பேசுவதே சுகம்.

லைல் என் தங்கை வெர்னாவின் கணவன். பன்னிரண்டு வருடம் அவன் ரிவால்வருக்குக் குண்டு வார்த்துக் கொடுத்தவன் நான். அவன் குழலுக்குள் ஓர் ஈய உருண்டையைத் தட்டி இறக்கி, மறுபக்கம் வந்ததை அளந்து வைத்திருந்தேன். குண்டு அதைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். சிறிதானால் சூடான புகை பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை உருக்கிக் குழலில் அப்பிவிடும். பிறகு குண்டு அதன் இஷ்டத்துக்குப் போகும். கரடிக் காட்டுக்கென்றால் ஆன்டிமனி என்ற உலோகத்தைக் கலந்து கெட்டியாக வார்க்க வேண்டும். மெத்தென்ற ஈயம் கரடியின் மண்டையில் சப்பாத்தியாகிவிடும்.

எட்டு வருடம் எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்துக் கோப்பை லைலுக்குத்தான். இந்த ஜூன் விருந்தில் யாரோ அவனிடம் குண்டைப் பற்றிக் கேட்டார்கள்.

"குண்டா? நம்ம மச்சான் ஆர்வல் கேரேஜ்ல சட்டி வச்சு ஏதோ கிண்டுவான். ஈயம் ஈயந்தான்பா. கை நல்லாருந்தா கூழாங்கல்லு போட்டாலும் குறி விழும்."

"அப்போ மச்சான் எதுக்கு?" என்றான் ஒருத்தன்.

"பாவம், அவனுக்கும் பொழுது போகணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னா, வாயில் கேக்கோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபம் எல்லாம் இல்லை. ஒரு மனிதன் ஒரு கருத்தைச் சொன்னால் அதைச் சோதித்துப் பார்ப்பது நியாயம்தானே.

பழைய வீட்டுக் குழாயிலிருந்து வெட்டிய சுத்த ஈயத்தில் ஐம்பது வார்த்தேன். அளவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு குறைத்தேன். பார்க்க அழகாக இருந்தன. பளபளப்புகூடக் கொஞ்சம் தூக்கல்.

ஆகஸ்டில், என் வீட்டுப் பின்னால் வரிசையாக டப்பா வைத்து முப்பது சுட்டான். முதல் பத்து பரவாயில்லை. அப்புறம் ஒன்றும் படவில்லை.

"கண்ணாடிய மாத்தணும் போல, மச்சான்," என்றான்.

"வயசாகுதுல்ல," என்றேன்.

அவன் குழலைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும் என் வேலைதான். அன்று செய்யவில்லை. அவனும் கேட்கவில்லை.

வெர்னா ஹக்கிள்பெரிப் பழத்துக்கு ஆசைப்பட்டாள். ஓடைக்கு மேலே ஒரு சரிவில் பழம் காய்த்துத் தொங்குகிறது என்று லைலிடம் சொன்னேன். அது உண்மை. இரண்டு குட்டிகளோடு ஒரு தாய்க் கரடி அங்கே மூன்று நாளாக மேய்வதையும் பார்த்திருந்தேன். அதைச் சொல்லவில்லை, அவன் கேட்டது பழத்தைப் பற்றி.

வண்டியில் நானே கூட்டிப் போனேன். முழங்கால் வலி, நான் கீழேயே இருக்கிறேன் என்றேன். வாளியை ஆட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முனகியபடி ஏறினான். காலை பத்தரை இருக்கும். ரொட்டியைப் பிரித்துப் பாதி தின்றிருப்பேன். முதல் வெடி கேட்டது. அப்புறம் ஐந்து, ஒன்றின் மேல் ஒன்றாக. பதற்றத்தில் யாருக்கும் அப்படித்தான் வரும்.

அதற்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டான். நான்கு முறை. நல்ல சத்தமாக, தெளிவாக.

என் ரைஃபிள் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. கெட்டிக் குண்டு, சரியான அளவு, சுத்தமான குழல். நூற்றைம்பது கஜம் இருக்கும். நான் தவறவிடும் தூரமில்லை. மிச்ச ரொட்டியைத் தின்றேன். சத்தம் அடங்கி ஒரு மணி நேரம் கழித்து உங்களுக்குப் போன் செய்தேன்.

வெர்னாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். அவளுக்கு விறகு பிளந்து கொடுக்கக்கூட இப்போது ஆளில்லை. நான் போய்வந்தால் நல்லது.

வனத்துறைக்காரர்கள் அந்தக் கரடியைச் சுடத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். குட்டிகள் இருக்கின்றன, ஷெரிஃப். இப்படி ஓர் அநியாயத்தை என்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியாது.