கண்ணில் காயம் இல்லை

— முப்பத்தெட்டு மணி நேரம் ஆச்சு டாக்டர். பூனையோட வலது கண்ணு அப்படியேதான் இருக்கு. இமை தொங்குது. மூக்கோரத்துலேர்ந்து வெள்ளையா ஒரு தோல் ஏறிப் பாதிக் கண்ணை மூடிடுச்சு.

— மணிக்கணக்கு வேற வச்சிருக்கா பாருங்க! டாக்டரம்மா, இவ என் மச்சினி. பூனைக்கு முன்னாடி குச்சியை ஆட்டி ஆட்டி விளையாடுவா. அது குத்திடுச்சு. விடுங்க, ஒரு சொட்டு மருந்து குடுங்க, போயிடறோம்.

— நான் குத்தல அத்தான்.

— சரி விடு, வீட்ல பேசிக்கலாம்.

— வீட்லதான் பேசி முடிச்சாச்சே! அக்கா என் பையைக் கட்டி வாசல்ல வச்சுட்டா. பூனைக் கண்ணைக் குத்தினவகிட்ட கைக்குழந்தையை விட மாட்டாளாம். இன்னிக்குத் தெரிஞ்சே ஆகணும் டாக்டர்.

— இந்த அறையில பூனை ஒண்ணுதான் கத்தாம இருக்கு. நீங்களும் இருங்க. விளக்கை அணைக்கிறேன்... பாத்தீங்களா? இருட்டுல இடது கண்ணுப் பாப்பா நல்லா விரியுது. வலது கடுகு மாதிரி அப்படியே நிக்குது.

— பார்வை போயிடுச்சா டாக்டர்?

— இல்லம்மா. இப்பக் கண்ணுல பச்சைச் சாயம் விட்டுப் பாத்தேன், கீறல் இருந்தா அதுல ஒட்டியிருக்கும். ஒட்டல. கண்ணுல காயமே இல்ல.

— கேட்டுக்கோங்க அத்தான்!

— அப்புறம் ஏன் இப்படி இருக்காம்?

— பூனைக்குக் கண்ணுக்குப் போற நரம்பு ஒண்ணு காதுக்குள்ள புகுந்து போகுது சார். அங்க அடிபட்டா இமை இப்படித் தொங்கும், பாப்பா சுருங்கிடும். தலையைப் பிடிங்க, காதைப் பாக்கறேன்... ம். செவிப்பறை கிழிஞ்சிருக்கு. உள்ள ஈரம். காதைக் கழுவினது யாரு?

— எனக்கு அது காதைத் தொடவே பயம் டாக்டர்.

— குளிப்பாட்டறப்ப தண்ணி போயிருக்கும், விடுங்க.

— குளிக்கிற தண்ணி இப்படிக் கிழிக்காது. யாரோ பீய்ச்சி அடிச்சிருக்காங்க. சார் என்ன வேலை பாக்கறீங்க?

— அத்தானா? காது கேக்கற மெஷின் விக்கிற கடை. மெஷின் மாட்டறதுக்கு முன்னாடி வர்றவங்க காதைப் பீய்ச்சிக் கழுவி... அத்தான்?

— கண்ணு சரியாயிடுமா டாக்டரம்மா?

— பெரும்பாலும் சில வாரத்துல சரியாகும். ஆனா காதுக்குள்ள என்ன போச்சுன்னு தெரியாம நான் மருந்து தர மாட்டேன்.

— இந்தாங்க அத்தான் போன். அக்கா லைன்ல இருக்கா.

— ஹலோ... ஆமா, ஆஸ்பத்திரியிலதான். அவ பையை உள்ள எடுத்து வை. ஏன்னா... நீங்க ரெண்டு பேரும் தூங்கினப்ப, கடையில காது கழுவற குழாயை வச்சுப் பூனை காதைக் கழுவினது நான்தான்.