லீமாவுக்குப் போன பின்னல்

— அமுக்காதக்கா. அந்த எலும்புலதான் வலியே. ஆறு மாசமாக் குனிஞ்சு கப்பல் துருவைச் சுரண்டின இடுப்பு. உன் கைக்குத் தாங்காது.

— அப்ப வாயைத் தொற. கேட்டதுக்குப் பதில் வார வரைக்கும் இந்த எண்ணெய்க் கையை எடுக்க மாட்டேன். என் மவ பின்னலை எங்கன வச்ச?

— அதைத்தானே சொல்லிட்டு வாரேன். கப்பல் கய்யாவோத் துறைமுகத்துல நின்னுது. மீன்தூள் மூட்டை ஏத்த மூணு நாளாகும்னான். அதுல எனக்கு ஒரு நாள் லீவு. அங்கன இருந்து லீமாப் பட்டணம் பஸ்ஸில அரை மணி நேரம்.

— ஏலே அய்யாத்துரை, நான் பஸ்ஸைக் கேட்டனா?

— மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும், கேட்டியாக்கா.

— எனக்கு நேரம் இல்லலே. நாளைக்கு ஞாயித்துக்கெழமை. ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. மூணாவது ஓலையைச் சாமியார் நாளைக்குக் கோயில்ல வாசிச்சாத்தான் புதன்கெழமை தங்கபுஷ்பத்துக்குத் தாலி. மாப்பிள்ளையோட அம்மா ரெபேக்காள் நேத்து இதே இடத்துல வந்து உக்காந்தா. உங்க மகளுக்கு டைபாய்டு வந்தப்ப மார்ட்டீனாருக்கு முடி நேந்தீங்களாமே, செலுத்தியாச்சான்னா. தம்பி கொண்டு போயிருக்கான்னேன். வரட்டும், கேட்டுச் சொல்லுங்க, நேர்ச்சைக் கடனோட ஒருத்தி என் வீட்டுப் படி ஏறுனா மொதப் பிள்ளை தங்காது, செலுத்தலன்னா நானே ஓலையை நிறுத்தச் சொல்லுவேன்னுட்டுப் போயிட்டா.

— நீயும் நேந்தியே ஒரு நேர்ச்சை. புளியம்பட்டி அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தின்னு நேந்திருந்தா அந்த வாரமே தீந்திருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் போயா நேருவாக?

— எனக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில சிஸ்டர் மார்ட்டீனார் படம் ஒண்ணு குடுத்தா. கறுத்த மொகம், கையில தொடப்பம். நம்மளை மாதிரி பாடுபட்ட ஆளுன்னு தோணிச்சு. இவ பொழைச்சா ஒரு முழம் முடியை உம்ம கல்லறையில கொண்டாந்து வைக்கேன்னு வாயில வந்துட்டு. தூத்துக்குடிப் பக்கம் எங்கனயாவது இருக்கும்னு நெனச்சேன். பெறவுல்லா சொல்லுதா, பெரு தேசம்னு.

— அதான், உன் வாய்க்கு என் காலு நடந்துச்சு. கேளு. அந்த ஊர்ல மழையே கெடையாதுக்கா. நம்ம குத்தாலத்துச் சாரல் மாதிரி ஒண்ணு நாளெல்லாம் பிசுபிசுன்னு நிக்கும். அருவியும் இல்ல, காத்தும் இல்ல. பஸ்ஸை விட்டு எறங்கி ஒருத்தன்கிட்ட மார்ட்டீன்னேன். வா வான்னு கூட்டிட்டுப் போய் ஒரு மைதானத்துல விட்டுட்டான். அண்ணாந்து பாத்தா குதிரை மேல ஒரு பட்டாளத்தான் சிலை. அவன் பேரும் மார்ட்டீனாம்.

— அய்யோ. அங்கனயே வச்சுட்டியா?

— நான் என்ன கூமுட்டையா? பேரைச் சொன்னாத்தானே வம்புன்னு, அடுத்தாப்புல ஒரு மஞ்சக் கோயிலுக்குப் போய்க் கையாலயே காட்டுனேன். இப்படிக் குனிஞ்சு, இப்படிப் பெருக்கி. வாசல் பூராப் புறா. கோயிலைப் பாத்துக்கிடுத கோயில்பிள்ளை என்னை ஏற எறங்கப் பாத்தான். மீன்தூள் நாத்தம் வேற, மூக்கைப் பொத்திக்கிட்டான். உள்ள போயி ஒரு தொடப்பத்தைக் கொண்டாந்து கையில குடுத்துட்டான்.

— எதுக்கு?

— வேலை கேட்டு வந்திருக்கேன்னு நெனச்சுட்டான். என்ன செய்ய? முற்றம் முழுக்கப் பெருக்குனேன்.

— ஏலே.

— ரொட்டி குடுத்தான்க்கா. கீழ கூட்டிட்டுப் போயி நெலவறையும் காட்டுனான். கெணறு மாதிரி ஒரு குழி. அதுக்குள்ள மண்டை ஓடும் எலும்புமா வட்டம் வட்டமா அடுக்கியிருக்கான், நம்ம சந்தையில தேங்காய் அடுக்குத மாதிரி.

— நான் மவ கல்யாணத்தைப் பேசுதேன், நீ மண்டை ஓட்டைப் பேசுத. இன்னும் எத்தனை கோயில் பாக்கி இருக்கு?

— வழி நெடுகக் கோயில்தான். தெருவுக்கு ஒண்ணு. மாடி வீட்டுக்கெல்லாம் கூண்டு மாதிரி மர மாடம் கட்டித் தொங்க விட்டுருக்கான். சீனாக்காரத் தெருவுல சோறு கெடைச்சுது. ரெண்டு மாசம் கழிச்சுச் சோறு, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. அதைத் தாண்டிக் கூலிக்காரச் சனம் இருக்கப் பக்கம் போயிட்டேன். ஒரு வளவு, இருவது வீடு, ஒரே குழாய். பொம்பளைக குடத்தை வச்சு அடிச்சுக்கிடுதாக. நம்ம மேலகரத்துக் குழாயடியேதான். கறுத்த ஆளுக ரெண்டு பேரு மரப்பெட்டி மேல உக்காந்து, அந்தப் பெட்டியையே மேளமா அடிக்கான். நமக்கு ஏத்த எடம்னு செத்த நேரம் உக்காந்தேன்.

— பின்னலு?

— மடியில துணிப்பொட்டலமா இருந்துச்சு. நுனி வெளிய தெரிஞ்சுது போல. குழாயடியில நின்ன ஒரு கெழவி ஓடியாந்தா. தொடட்டான்னு கையால கேட்டா. தொட்டா, மோந்தா, அழுதா. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா, வளவுக்குப் பின்னால ஒரு சின்னக் கோயிலு. அங்கன மாதாவுக்கு உடுத்திவிடுதவ அவதான். அந்த ஊர்ல சொரூபத்துக்கு நெசமான முடியைத்தான் வைக்காக. மாதா தலையில இருந்தது பூச்சி அரிச்சுத் தும்பு தும்பாத் தொங்குது. என் பொட்டலத்தை வாங்கிப் பிரிச்சு ஊசியை எடுத்துட்டா.

— அய்யாத்துரை.

— திருப்பிக் குடுன்னு கேக்க எனக்குப் பாஷை இல்லக்கா. பாஷை இருந்தாலும் நாக்கு எழும்பியிருக்காது.

— மாதாவுக்கா குடுத்த?

— சாயங்காலம் அந்தக் கெழவியே மார்ட்டீனார் கோயிலுக்கும் கூட்டிட்டுப் போனா. கல்லறை முன்னால நின்னேன். வெறுங்கையோட.

— சண்டாளா. சந்தியாகப்பருக்கு நேந்த கெடாவை அந்தோணியாருக்கு அறுத்தா ஒத்துக்கிடுவாரா? அவ்வளவு தூரம் போனவன், கல்லறைக்கு முன்னால வரைக்கும் போனவன். நாளைக்கு ரெபேக்காள் கேட்டா நான் எந்த மொகத்தை வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல? இன்னொரு முழம் வெட்டித் தாரேன், திரும்பப் போ.

— புதன்கெழமைக்குள்ளயா? கப்பல் போய்ச் சேரவே ரெண்டு மாசம். வச்சுட்டேன்னு ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தா உனக்கும் நிம்மதி, என் இடுப்புக்கும் நிம்மதி.

— சொல்லித் தொலைச்சிருக்கலாமே. இப்பத்தான் உனக்கு உண்மை வந்து முட்டுதாக்கும்.

— கோவத்தை விட்டு யோசி. மார்ட்டீனாரு யாரு? மடத்துல கூட்டிப் பெருக்குனவரு. தனக்குக் கெடைச்சதையெல்லாம் இல்லாதவனுக்குக் குடுத்தவரு. மாதா தலை அப்படிக் கெடக்கையில, இல்ல, எனக்குத்தான் முடி வேணும்னு சண்டைக்கு வருவாரா?

— பேசு, நல்லாப் பேசு. ... முழுசையுமா தச்சா?

— முழுசையும். தோளு ரெண்டுலயும் பிரிச்சு விட்டா. மேல கிரீடம் வச்சா. சனம் பூராக் கூடி வந்து கும்பிட்டுது.

— நம்ம வீட்டு முடியையா?

— உன் வயித்துல பொறந்த முடியைத்தான்.

— ரெபேக்காள் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இந்த முடியைத்தான் பிடிச்சு இழுத்துப் பாத்தா, சவுரியா நெசமான்னு. அவ வம்சத்துல யாரு முடி மாதா தலையில ஏறியிருக்கு? இதைச் சொன்னா வாயைத் தொறக்க மாட்டா. ஏட்டி தங்கபுஷ்பம், அடுப்பை அப்படியே வச்சுட்டு இங்கன வா. உன் மாமா செஞ்ச வேலையைக் கேட்டியா? நான் இப்பவே சாமியார்ட்டப் போறேன். நாளைக்கு ஓலை வாசிக்கையில இதையும் சேத்துச் சொல்லச் சொல்லுதேன்.

— வேண்டாம்மா. சாமியார்ட்டச் சொல்லாத.

— ஏன்? என்ன வெக்கம் இதுல?

— மாமா, மாதா தலையில தச்சதை நீங்க கண்ணால பாத்தீகளா?

— பாத்தேன் தாயி. கடைசி ஊசி குத்துத வரைக்கும் நின்னேன்.

— கல்லறையில சும்மா வச்சதா இருந்தா இன்னும் எத்தனை வருசம்னாலும் பேசாம இருந்திருப்பேன். மாதா தலையிலன்னு சொன்ன பெறகு முடியல மாமா.

— எதுக்குட்டி அழுத? என்ன முடியல?

— அம்மா, நீ வயல் அறுப்புக்குப் போன அன்னைக்குத்தானே என்னையே முடியை வெட்டி மாமாட்டக் குடுக்கச் சொன்ன. எனக்கு மனசு வரல, அள்ளிக் கொண்டை போட்டு மறைச்சுட்டேன். மாமா கொண்டு போனது குத்தாலத்துல சீசன் கடையில வாங்குன சவுரி. மார்ட்டீனாருக்கு என் முடி ஒரு முழம் இன்னும் கடன்தான்.