ரோஸிக்கு வாங்கிய கம்பி பிரஷ்

நீண்ட மயிருள்ள நாய்க்கு ஒரே பிரஷ் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. பன்றிமயிர் பிரஷ் மேலே பளபளப்பு ஏற்றுமே தவிர அடிச்சிக்கைத் தொடாது. காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் மயிர் திரண்டு கட்டியாகும். அங்கே கம்பி பிரஷ்தான் வேண்டும். டெல்லியில் கான் மார்க்கெட் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். உங்களுக்குத் தமிழ் தெரிந்தது நல்லதாயிற்று, இன்ஸ்பெக்டர். இதையெல்லாம் ஹிந்தியில் சொல்ல எனக்கு வராது.

கம்பி பிரஷ்ஷைப் போட ஒரு முறை இருக்கிறது. இடது கையால் மயிரை வேரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் நாய்க்கு வலிக்காது. இழுப்பெல்லாம் நம் விரலுக்கு வரும். கம்பி விரலைக் கீறும். எங்கள் ரோஸி திபெத்து நாய். மயிர் தரையைத் தொடும். டிசம்பரில் நாய்க் கண்காட்சி. என் கணவரின் இலாகா செக்ரட்டரியின் மனைவிதான் பரிசு கொடுப்பதாக இருந்தது. கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அக்டோபர் கடைசியில் பின்சந்தில் ஒரு தெருநாய் ரோஸியின் தொடையைக் கடித்தது. மஞ்சள் அப்பி, மயிரை மேலே வாரிவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த வருடம் அவளுக்குத் தடுப்பூசி போடத் தவறியிருந்தது.

ஒரு மாதம் கழித்து ரோஸி சோர்ந்துபோனாள். தாடை தொங்கி எச்சில் ஒழுகியது. தண்ணீர்க் கிண்ணத்தருகே போய் நிற்பாள், குடிக்க முடியாது. யார் மேலும் பாயவில்லை. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். அது எலும்பு இல்லை என்று எனக்குத் தெரியும். என் விரல்களில் கீறல் இருந்தது. அவற்றை அவள் நக்கியிருந்தாள். மறுநாள் காலையே ஆஸ்பத்திரிக்குப் போய், தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியைத் தொடங்கிவிட்டேன். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன்.

அன்று மாலை பாப்பம்மாளிடம் பிரஷ்ஷைக் கொடுத்தேன். நம்மூர்க்காரர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்ப்பிலிருந்து பாத்திரம் தேய்க்க வருபவள். கண்காட்சி நெருங்கிவிட்டது, மயிரைத் திரள விட முடியாது.

"எம் பொண்ணு தலைக்குக்கூட இவ்ளோ நேரம் சீவுனதில்லம்மா," என்று சிரித்தாள். "இவ மகாராணி. ஏன்டி, எச்சிய இப்பிடி ஊத்துற?"

அடுத்த நாள் விரல்களைக் காட்டினாள். "கீறிக்கிச்சும்மா. அதும்மேலயே நக்குது. நாய் பார்வையே சரியில்ல. ஊசி கீசி போட்டுக்கணுமா?"

"கடிச்சுதா?"

"கடிக்கலம்மா."

"அப்புறம் என்ன? கம்பி கீறினதுதான். சோப்புப் போட்டு அலம்பிக்கோ."

"நீங்க படிச்சவங்க. சொன்னா சரி."

மறுநாள் காலை டாக்டர், வீட்டில் வேறு யாராவது நாயைத் தொட்டார்களா என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். பாப்பம்மாள் அங்கே வந்து நின்றால் எந்த வீட்டு நாய் என்று கேட்பார்கள். கார்ப்பரேஷன் வண்டி வாசலில் நிற்கும். காலனி முழுக்கப் பேசும்.

அந்த வாரமே ரோஸி செத்துப்போனாள். கேட்டவர்களிடம் பெங்களூரில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். என் ஊசிகள் பாக்கி இருந்தன. வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டு, நிமிர முடியாமல் திரும்பி வருவேன். மாதாந்திர வலி என்று பாப்பம்மாள் நினைத்தாள். "நீங்க படுங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்று வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து வயிற்றில் வைப்பாள். விரல்களில் கீறல் ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது.

பிப்ரவரியில் அவள் புருஷன் கலியன் வாசலில் வந்து நின்றான். "தண்ணியப் பாத்தா அலறுறாம்மா. டாக்டர் நாய் கடிச்சுதாங்கறாரு. உங்க நாய்க்கு ஏதாச்சும் இருந்துச்சா?"

"அது பெங்களூர்ல நன்னா ஓடி விளையாடிண்டிருக்கே," என்றேன்.

இரண்டு நாளில் அவள் இறந்துவிட்டாள். கேம்ப்பில் அவளைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நாய்க்கு என்ன நோய் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அவள் கேட்டபோது தெரிந்துதான் தடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஏன் என்று கேட்கிறீர்களே, அதையும் எழுதுங்கள். அந்த ஊசி எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த வலியை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.