மேல ஓடுற மணிக்கூடு

– இன்னொரு அகப்பை போடு ஸகியா. நிரோசன் வெக்கப்படுறான்.

– காணும் காக்கா, வயிறு நிறைஞ்சிட்டு. மெய்யாக் காணும் டீச்சர்.

– சாப்பிடுங்க தம்பி. பாண்டிருப்பில இருந்து உங்களக் கூப்பிட்டு ஒரு கோழியாணம் வெச்சுக் குடுக்கணும் எண்டு இவர் ஒரு கிழமையா என்னோட புடுங்குப்படுறார்.

– புடுங்குப்படாம என்ன செய்யச் செல்லுறாய்? போட்டு எஞ்சின் செத்து, ஒலுவிலுக்குக் கிழக்கால நடுக்கடல்ல தனிய மிதந்துக்கிட்டுக் கிடந்தவன் நான். தண்ணிப் போத்தலும் முடிஞ்சி, கலிமா ஓதிட்டுப் படுத்தவன். கண்ணத் துறந்தா இவன்ட போட்டு பக்கத்துல நிக்கிது. "மீரா காக்கா, கைய நீட்டுங்க" எண்டு கேட்டிச்சி. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள இரிக்கி. என்ட ஹயாத்த, இந்த உசிர, படைச்ச றப்பு இவன்ட கையிலதான் குடுத்தனுப்பினான்.

– நான் என்னத்தச் செஞ்சன் காக்கா. நீங்க வயர்லஸ் செற்றில உங்கட பெட்டி காட்டின இட நம்பரச் சொன்னீங்க. ஒலுவில் செற்று அறையில இருந்து அத எனக்குத் தந்தாங்க. ஜீபீஎஸ்ல அடிச்சிட்டு நானும் என்னோட தொழிலுக்கு வாற குணமும் வெளிக்கிட்டம்.

– அதத்தான் நானும் ஸகியாட்டக் கேட்டன். கையகலப் பெட்டி, அவ்வளவு பெரிய கடலுக்க என்ட இடத்த எப்புடிக் கண்டுபிடிச்சிச்சி எண்டு. இவ செல்லுறா, மணிக்கூடாம்.

– மணிக்கூடா டீச்சர்?

– ஓம் தம்பி. மேல சட்டலைட்டுகள் சுத்துதுதானே. ஒவ்வொண்டுக்குள்ளயும் மணிக்கூடு இருக்கு. "இப்ப இத்தனை மணி" எண்டு அது சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தச் சேதி கீழ வந்து சேர எடுத்த நேரத்த வெச்சுத்தான் உங்கட பெட்டி தூரத்தக் கணக்குப் பாக்குது. நாலு சட்டலைட்டுக்குத் தூரம் தெரிஞ்சா உங்கட இடம் பிடிபட்டுரும்.

– அப்ப நல்ல மணிக்கூடு எண்டாக் காணும்.

– காணாது. இங்கதான் கூத்து இருக்கு. எவ்வளவு நல்ல மணிக்கூடும் மேல போனா கீழ ஓடுற மாதிரி ஓடாது. பூமிய விட்டு உயரப் போகப் போக நேரம் கெதியா ஓடும். சட்டலைட் பறக்கிற வேகத்துக்கு அது கொஞ்சம் மெதுவாகும். ரெண்டையும் கழிச்சுப் பாத்தா, ஒரு நாளைக்கு மேல உள்ளது ஒரு துளி முந்திரும். கண் இமைக்கிற நேரத்த ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒரு பங்கும் வராது.

– அந்த மணிக்கூடு பிழைதானே டீச்சர்?

– மணிக்கூடு சரி தம்பி. நேரமே அப்பிடித்தான். மேல ஒரு ஓட்டம், கீழ ஒரு ஓட்டம்.

– மெய்யா நம்ப ஏலாமக் கிடக்கு. சரி, அந்தத் துளியால எனக்கென்ன வரப்போகுது?

– அந்தத் துளி நேரத்துக்குள்ள வெளிச்சம் பத்துக் கிலோமீற்றருக்கு மேல போயிரும். அதக் கணக்கில எடுத்துத் திருத்தாம உட்டா, பெட்டி காட்டுற இடம் நாளுக்கு நாள் தள்ளிக்கிட்டே போகும். இவர் ஒலுவிலுக்கு நேர கிடக்க, நீங்க திருக்கோவிலுக்கு நேர தேடுவீங்க.

– கேட்டியா நிரோசன். அதத் திருத்தி வெச்ச மனுசன் ஆரெண்டே எனக்குத் தெரியா. தெரிஞ்சா அவனையும் இந்தப் பாயில இருத்திச் சோறு குடுத்திருப்பன்.

– சும்மா திருத்தி வெக்கல்ல. முதல் முதல் அப்பிடியொரு மணிக்கூட்ட மேல அனுப்பக்குள்ள, அனுப்பின ஆக்கள்ளயே சில பேர் நம்பல்ல. நேரமாவது மாறுறதாவது எண்டு நினைச்சாங்க. திருத்துற ஏற்பாட்ட உள்ள வெச்சாங்க, ஆனா அத இயக்கல்ல. மூணு கிழமை மட்டில சும்மா ஓட உட்டுப் பாத்தாங்க. கணக்கு சொன்ன அளவுக்கு மணிக்கூடு முந்தித்தான் ஓடிச்சி. மறுகாதான் திருத்தத்தப் போட்டாங்க.

– அந்த நம்பாதவனுக்கும் சேத்துத்தான் துஆக் கேக்கணும். அவனும் நம்பியிருந்தா ஆரு அளந்து பாத்திருப்பா.

– நீங்களும் நம்பாத ஆள்தானே. அந்தப் பெட்டிய வாங்கக்குள்ள என்ன பேச்சுப் பேசினீங்க.

– ஓம் புள்ள. வானத்து வெள்ளியப் பாத்துத் திசை புடிச்சுப் போறவனுக்கு இதென்னத்துக்கு எண்டன். நீதான் ஒத்தக்கால்ல நிண்டாய். சரி, வட்டிலப்பத்தக் கொண்டா.

– கொண்டு வாறன். தேத்தண்ணியும் ஊத்துறன். தம்பிக்குச் சீனி?

– நல்லாப் போடுங்க டீச்சர்.

– அவ குசினிக்குப் போயிட்டா. நிரோசன், ஒண்டு கேக்கன். அண்டைக்கு என்னத் தூக்கி உன்ட போட்டுல போட்டுட்டு நீ என்னத்துக்கு அழுதாய்? நான் கண்டன்.

– காக்கா, டீச்சர் உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயா?

– என்னத்தச் செல்ல?

– நீங்க தந்த நம்பருக்கு நாங்க போய்ச் சேந்தம். அங்க ஒண்டுமில்ல. வெறும் தண்ணி. நானும் குணமும் கத்திப் பாத்தம், சுத்திப் பாத்தம். உங்கட செற்று பற்றரியும் செத்திட்டு, உங்களோட கதைக்க வழியில்ல. எங்கட எண்ணெயும் குறைஞ்சி போச்சு. செற்று அறைக்கு அடிச்சி, நம்பர் பிழை, ஆளில்ல எண்டன். கரைக்குக் கிறுகி வா எண்டாங்க.

– மறுகா?

– மறுகா செற்றில டீச்சர்ட குரல். "தம்பி, மேல உள்ள மணிக்கூட்ட நான் நம்புறன். நம்பர் பிழைக்காது. அதச் சொல்லக்குள்ள அவர் அங்கதான் இருந்திருக்கார். சொல்லி மூணு மணித்தியாலமாச்சு, கடல் ஆள நகத்தியிருக்கும். நீரோட்டம் எந்தப் பக்கம்?" எண்டு கேட்டா. தெற்கால எண்டன். "அப்ப அந்த நம்பருக்கே திரும்பப் போய், அங்க இருந்து தெற்கால தேடுங்க" எண்டா. குரல் நடுங்கவேயில்ல காக்கா.

– நீரோட்டம் உனக்குத் தெரியாததா?

– தெரியும். ஆனா நம்பரே பிழை எண்டு மனசு முடிவு கட்டிட்டு. அந்த முடிவோட நான் நீரோட்டத்தப் பத்தி யோசிக்கவே இல்ல.

– ஸகியா எனக்கு ஒரு வார்த்தை செல்லல்ல. ஒரு கிழமையா உன்னப் பத்தியும் அந்த மணிக்கூட்டப் பத்தியும்தான் கதைக்கா. அவ செற்று அறைக்குப் போனதே எனக்குத் தெரியா.

– சொல்ல மாட்டா காக்கா. டீச்சர் கதைக்கக்குள்ள நான் உங்கள உட்டுட்டுக் கரையப் பாத்து ஓடிக்கிட்டிருந்தன், அது உங்களுக்குத் தெரியக் கூடாது எண்டுதான் அவ வாயத் திறக்கல்ல.